வெந்நீருக்கு அசையாத நீலக் கோப்பைகள்

வணக்கம் நேயர்களே. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பீங்கான் ஆலை வைத்திருந்தவர்களுக்குப் பெரிய தலைவலி வெந்நீர்தான். சீனாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய நீல வெள்ளைப் பாத்திரங்களைப் பார்த்து அதேபோல வரைந்துவிட்டார்கள். ஆனால் அன்றைய ஆங்கில டீபாட்கள் பலவற்றில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விழும். படம் எவ்வளவு அழகாக இருந்து என்ன?

1751-இல் ஜான் வால் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் வூஸ்டர் நகரில் ஆலை தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே பிரிஸ்டலில் இருந்த ஒரு சிறிய ஆலையை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். கண் முழுக்க அதன் கலவை முறை மீதுதான். கார்ன்வால் கடற்கரையில் வெட்டியெடுத்த மாக்கல்லை அரைத்து மண்ணில் கலப்பது அந்த முறை. நம் ஊர்க் கல்சட்டி எந்தக் கல்லோ அதே வகைக் கல். சூடு தாங்கும் என்று சொல்லவா வேண்டும்! வூஸ்டர் வென்றது ஓவியத்தால் அல்ல, இந்தக் கல்லால்தான் என்பது என் கட்சி.

சரி, ஏன் நீலம் மட்டும்? மெருகுப் பூச்சுக்கு அடியில் இருந்துகொண்டு சூளையின் கடும் வெப்பத்தைத் தாங்கும் வண்ணம் அப்போது கோபால்ட் என்ற உலோகத்திலிருந்து எடுத்த சாயம் ஒன்றுதான். வரையும்போது அது அழுக்குக் கறுப்பாக இருக்கும். ஒருமுறை சுட்ட பாத்திரம் தூரிகையின் ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சிவிடும். அழித்துத் திருத்த வழியில்லை. சூளையிலிருந்து வெளியே வந்த பிறகுதான் நீலத்தைப் பார்க்கலாம்.

அப்புறம் அச்சு வந்தது. செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய காகிதத்தில் எடுத்துப் பாத்திரத்தில் ஒட்டினால் போதும். வேலை மலிவானது. 1784-இல் தேயிலை வரியும் 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாக இறங்க, தேநீர்ச் சாமான்களுக்குக் கேட்பு கூடியது.

வூஸ்டரில் தொழில் பழகிய தாமஸ் டர்னர், அதே செவர்ன் ஆற்றங்கரையில் காஃப்லி என்ற இடத்தில் போட்டி ஆலை நடத்தினார். இரண்டு ஆலையும் ஒரே மீனவர் படத்தை அச்சிட்டன. வாங்குகிறவர் குழம்பத்தானே செய்வார்? மீனவர் கையிலுள்ள மீனைப் பாருங்கள். வூஸ்டர் மீன் நீண்டு ஒல்லியாக இருக்கும். காஃப்லி மீன் குட்டையாக, கொழுகொழுவென்று இருக்கும். ஒரே சந்தையில் இரண்டு மீன்!

இன்னொரு வழியும் உண்டு. அன்று தேநீர் குடித்த, கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வூஸ்டர் பெரும்பாலும் பச்சை சாயலாகத் தெரியும், காஃப்லி ஆரஞ்சாக. பழம்பொருள் கடையில் பலரும் பாத்திரத்தைக் கையில் எடுத்ததுமே கவிழ்த்து முத்திரையைத் தேடுகிறார்கள். வூஸ்டரின் முத்திரை பிறை. காஃப்லிக்காரர்கள் போட்ட ‘சி’ எழுத்தும் கிட்டத்தட்டப் பிறை மாதிரியே இருக்கும். அதனால் முதலில் டார்ச், அப்புறம் மீன், முத்திரையெல்லாம் கடைசியில்.