பர்மிங்காம் மக்கள் கேட்ட கேள்வி: இந்தக் கேமராவுக்கு யாரு பணம் கொடுத்தது?

[காட்சி: இங்கிலாந்து வரைபடம். பர்மிங்காம் நகரத்துல ரெண்டு பகுதிகள் மட்டும் நிறம் மாறுது.]

வணக்கம். பர்மிங்காம்ல ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத்னு ரெண்டு பகுதி இருக்கு. பாகிஸ்தான், காஷ்மீர்ல இருந்து குடியேறின முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா வாழற இடம். 2010ல அந்தப் பகுதிகளைச் சுத்தியிருக்கிற சாலைகள்ல வரிசையா கம்பம் நட ஆரம்பிச்சாங்க. ஒவ்வொண்ணு மேலயும் கேமரா. திட்டப்படி மொத்தம் 200க்கு மேல. அதுல 72 கேமரா யார் கண்ணுக்கும் தெரியாம மறைச்சு வைக்க வேண்டியது.

"திருட்டு, போதைப்பொருள், தெருத் தொல்லை, இதையெல்லாம் குறைக்கத்தான்"னு அதிகாரிகள் விளக்கம் சொன்னாங்க.

[காட்சி: ஒரு கார் கேமராவைக் கடந்து போகுது. நம்பர் பிளேட் திரையில எழுத்தா மாறுது.]

பெரும்பாலானது நம்பர் பிளேட்டைத் தானா படிக்கிற கேமரா. வண்டி கடந்ததும் பிளேட்டைப் படம் பிடிச்சு, எண்ணைப் படிச்சு, நேரத்தையும் இடத்தையும் சேர்த்துப் பதிவு பண்ணிடும். ஒரு கேமரா தனியா நின்னா அது ஒரு சாலையைத்தான் பார்க்கும். ஒரு பகுதியைச் சுத்தி வளையமா நட்டா கதையே வேற. அந்த ஏரியாவுக்குள்ள எந்த வண்டி எப்ப வந்துச்சு, எப்ப வெளிய போச்சுன்னு எல்லாமே போலீஸ் கையில.

மக்களுக்கு ஒரு விஷயம் உறுத்துச்சு. திருட்டைத் தடுக்க இத்தனை கேமராவா? அதுவும் எங்க ஏரியாவைச் சுத்தி மட்டும் ஏன்? இதுக்கு யாரு பணம் கொடுக்கறா?

கடைசிக் கேள்விதான் எல்லாத்தையும் வெளிய கொண்டுவந்துச்சு. 2010 ஜூன்ல கார்டியன் பத்திரிகை எழுதுச்சு: ஏறக்குறைய 30 லட்சம் பவுண்ட், பயங்கரவாதத் தடுப்புக்குன்னு ஒதுக்கின நிதியில இருந்து வந்திருக்கு. திட்டத்தோட பேர் 'ப்ராஜெக்ட் சாம்பியன்'.

[காட்சி: பிளாஸ்டிக் பை சுத்தின கேமராக்கள்.]

ஒண்ணை நேர்மையா சொல்லணும். போலீஸோட பயம் கற்பனை இல்ல. 2007ல பிரிட்டிஷ் ராணுவ வீரர் ஒருத்தரைக் கடத்திக் கொல்ல நடந்த சதி இதே பர்மிங்காம்ல பிடிபட்டுச்சு. ஆனா அதுக்கு இவங்க கண்டுபிடிச்ச வழி, சந்தேகம் இருக்கிற நபரைப் பின்தொடர்றது இல்ல. பல ஆயிரம் குடும்பங்கள் வாழற பகுதியையே வேலி போட்ட மாதிரி சுத்தி வளைக்கிறது.

"தப்பு பண்ணலைன்னா உனக்கு என்ன பயம்?"னு கேட்கிறவங்க எல்லா ஊர்லயும் உண்டு. இந்தக் கேள்வி எனக்குக் கோபம்தான் வரவைக்குது. இங்க கேமராவுக்கு இலக்கு ஆக யாரும் எந்தத் தப்பும் பண்ணியிருக்க வேண்டியதில்ல. அங்க வீடு இருந்தாலே போதும். பிள்ளையை ஸ்கூல்ல விட்டுட்டு வர்ற அம்மாவோட காரும் அதே பட்டியல்ல ஏறும். ஏன் ஏறுதுங்கிற காரணத்தையும் அவங்ககிட்ட மறைச்சிருக்காங்க. இன்னொண்ணும் யோசிங்க. ஒரு சதி உருவாகுதுன்னா அதை முதல்ல கவனிக்கக்கூடியவங்க அக்கம்பக்கத்துல இருக்கிறவங்கதான். அவங்க நம்பிப் போலீஸ்கிட்ட வந்து பேசணும். அந்த ஜனங்ககிட்டயே பொய் சொன்னா, நாளைக்கு யார் வந்து பேசுவா?

[காட்சி: நிரம்பி வழியற பொதுக்கூட்டம்.]

பொதுக்கூட்டங்கள் நடந்துச்சு. கவுன்சிலர் சல்மா யாகூப் கடுமையா எதிர்த்தாங்க. 'லிபர்ட்டி'ங்கிற சிவில் உரிமை அமைப்பு கோர்ட்டுக்குப் போவோம்னு எச்சரிச்சுது. கொஞ்ச நாள்லயே, வேலை செய்யலைன்னு காட்ட கேமராக்களுக்குப் பை கட்ட வேண்டியதாச்சு.

அப்புறம் பர்மிங்காமுக்குப் பொறுப்பான வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸ், வேற பகுதியோட போலீஸ் தலைவரான சாரா தார்ன்டன்கிட்ட விசாரணையை ஒப்படைச்சுது. அவங்களும் போலீஸ்தான், அதனாலதான் அந்த அறிக்கைக்கு அவ்வளவு கனம். திட்டத்தோட உண்மையான நோக்கத்தைக் குற்றத்தடுப்புங்கிற கதைக்குப் பின்னால மறைச்சாங்க, சட்டத்துக்குப் பொருந்துமான்னு யாரும் சரியா யோசிக்கவே இல்ல, மக்களோட நம்பிக்கை பலமா அடிபட்டிருக்குன்னு எழுதினாங்க. வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸ் தலைவர் கிறிஸ் சிம்ஸ் மன்னிப்புக் கேட்டார். 2011ல கேமராக்களைக் கழட்டினாங்க.

[காட்சி: கம்பத்துல இருந்து கேமராவை இறக்கற தொழிலாளர்கள். பிறகு, கூரையில கேமரா வச்ச போலீஸ் வேன்.]

2012ல பிரிட்டன் கொண்டுவந்த சுதந்திரப் பாதுகாப்புச் சட்டம், கண்காணிப்புக் கேமராவுக்குன்னே ஒரு ஆணையரையும் நடத்தை விதிகளையும் உருவாக்குச்சு. ஆனா தொழில்நுட்பம் நிக்கல. நம்பர் பிளேட்டைப் படிச்ச இடத்துல இப்ப முகத்தையே படிக்குது. சவுத் வேல்ஸ் போலீஸ் அப்படி முகம் படிச்சதை எதிர்த்து எட் பிரிட்ஜஸ்ங்கிற கார்டிஃப்காரர் வழக்குப் போட்டு, 2020 ஆகஸ்ட்ல மேல்முறையீட்டு நீதிமன்றத்துல ஜெயிச்சார். யாரைத் தேடும் பட்டியல்ல சேர்க்கிறது, கேமராவை எங்க நிறுத்தறதுன்னு முடிவு பண்ண போலீஸுக்கு அளவுக்கு மீறின சுதந்திரம் இருந்துச்சுன்னு நீதிபதிகள் சொன்னாங்க. அந்த மென்பொருள் இனம், பாலினம் பார்த்துப் பாரபட்சம் காட்டுதான்னு போலீஸ் முறையா சரிபார்க்கலைன்னும் அதே தீர்ப்புல இருக்கு.