கெஞா மொழி: முதல் சொற்களும் உச்சரிப்பும்

[திரையில்: போர்னியோ தீவின் வரைபடம், பாராம் ஆறு, அப்போ காயான் மேட்டுநிலம்]

ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டை நினைத்துவிடாதீர்கள். இது போர்னியோவின் உட்பகுதி மொழி. மலேசியாவின் சரவாக்கில் பாராம் ஆற்றை ஒட்டிய ஊர்களிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தோனேசியாவின் அப்போ காயானிலும் பேசுகிறார்கள். பெயரின் நடுவே வருவது நம்முடைய ஞ தான்: கெஞா.

இதில் கிளைகள் ஏராளம். பாக்குங், பாடெங், லெப்போ' தாவ் என்று ஊருக்கு ஊர் பேச்சு மாறும். எல்லாவற்றையும் கலந்து படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். லெப்போ' தாவில் தொடங்குவது நல்லது. லோங் சான், லோங் நவாங் பக்கத்துப் பேச்சு அது. (ஊர்ப் பெயரில் வரும் 'லோங்' என்பது ஆறுகள் கூடும் இடம்.)

[திரையில், பெரிதாக: லெப்போ']

சரி, கடைசியில் ஒரு சின்னக் குறி தொங்குகிறதே, அதுவும் ஒரு மெய்யொலி. கனமான மூட்டையைத் தூக்கும்போது மூச்சைத் தொண்டையில் பிடித்துக்கொள்வோமே, அதே பிடிப்பு. 'ஓ' என்று ஆரம்பித்து, இழுக்காமல் தொண்டையிலேயே நிறுத்துங்கள். லெப்போ', ஊர். உமா', வீடு. வரைபடங்களில் இந்தக் குறியைப் பல நேரம் விட்டுவிடுகிறார்கள். எழுத்தில் விட்டாலும் நீங்கள் பேச்சில் விடாதீர்கள்.

[திரையில்: ச்சா, துவா, தெலு, பட், லெமா]

ஒன்று முதல் ஐந்து வரை. 'துவா'வில் வரும் த, 'தயவு' என்று சொல்லும்போது வருகிற த. 'தெலு', 'லெமா' இரண்டிலும் முதல் உயிர் முழு எகரம் இல்லை. உதட்டை விரிக்காமல், எகரத்துக்கும் அகரத்துக்கும் நடுவில், குறுக்கிச் சொல்ல வேண்டும்.

தமிழ் வாய்க்குச் சோதனை 'பட்' தான். நம்மை அறியாமலே 'பட்டு' என்று ஒரு உகரத்தைச் சேர்த்துவிடுவோம். நாக்கு மேலே ஒட்டியதும் அப்படியே நிற்கட்டும், காற்று வெளியே வரக் கூடாது.

மலாய் தெரிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே 'தீகா' மூன்று, இங்கே 'தீகா' என்றால் நல்லது.

[திரையில்: அக்கே', இக்கோ', இலு, அமே']

அக்கே', நான். இக்கோ', நீ. அப்புறம் வருவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'இலு', அவரை விட்டுவிட்டுச் சொன்னால் 'அமே''. நாம், நாங்கள்! ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் இதில் தடுமாறுவார்கள். நமக்கு விளக்கமே தேவையில்லை. இருவரை மட்டும் குறிக்கத் தனி வடிவங்களும் உண்டு, அவற்றைப் பிறகு பார்க்கலாம்.

வினைச்சொல் ஆளுக்கு ஏற்ப மாறுவதில்லை. 'உமான்' என்றால் சாப்பிடு. அக்கே' உமான், இக்கோ' உமான், அவ்வளவுதான்.

காதைப் பழக்க, சரவாக்கின் வை எஃப்எம் வானொலியில் கெஞா நிகழ்ச்சிகளையும், பக்கத்து மொழியான காயான் நிகழ்ச்சிகளையும் கேளுங்கள். பொருள் புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் மூச்சு எங்கே நிற்கிறது என்பதை மட்டும் முதலில் கவனியுங்கள்.