மாலை ஆறு மணிக்குச் சந்தை

அவையோருக்கு வணக்கம்.

ஒரு சந்தை நன்றாக நடக்கிறதா என்று பார்க்கக் காலையில் போகாதீர்கள். காலையில் எல்லாச் சந்தையும் அழகுதான். மாலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். அன்றைய கூலியோடு, அன்றைய சமையலுக்கு மட்டும் வாங்குகிறவர்கள் அப்போதுதான் வருவார்கள். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர், தனியாகச் சமைத்துச் சாப்பிடும் முதியவர் என்று எல்லோருக்கும் இரண்டு தக்காளியானாலும் எடுத்துக் கொடுக்கும் இடம் இது. அவர்களுக்கு வாடியது மட்டுமே மிஞ்சியிருந்தால், அந்தச் சந்தை பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது.

ஏன் வாடுகிறது? பறித்த பிறகும் கீரை மூச்சு விடுகிறது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அந்த மூச்சு இரண்டு, மூன்று மடங்காகும். எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு நீர் போனாலே இலை தொங்கிவிடும். கிலோவுக்கு வெறும் 50 கிராம்! ஆகவே முதல் செலவு கூரைக்குத்தான். தார்ப்பாயைத் தாழக் கட்டினால் நிழல் கிடைக்கும். சூட்டுக் காற்று வெளியேற வழியிருக்காது. உயர்த்திக் கட்டி, உச்சியில் திறப்பு விடவேண்டும்.

தண்ணீர் தெளிக்கலாம், ஆனால் குடிக்கத் தகுந்த தண்ணீராக இருக்கட்டும். காலையில் நிரப்பிய ஒரே வாளியில் மாலைவரை கையை நனைத்துத் தெளித்தால் கிருமியை நாமே இலையெங்கும் தூவுகிறோம். கட்டின் நடுவை விரலால் பிரித்துப் பாருங்கள். வெளியே பளபளப்பு, உள்ளே வழவழப்பு என்றால், காற்றுப் புகாமல் அழுகத் தொடங்கிவிட்டது. மேலே ஊற்றுவதைவிட, தண்டின் அடி மட்டும் நனையும்படி நிறுத்தி வைப்பதே மேல். பழுத்த பழங்களைப் பக்கத்தில் வைக்கவே கூடாது. அவை விடும் எத்திலீன் வாயு இலையை மஞ்சளாக்கிவிடும். கடை ஒதுக்கும்போதே பழ வரிசையைத் தள்ளிப் போடுங்கள்.

தரைக்கு மீட்டருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சரிவு போதும். வடிகால் அடைத்துக்கொள்வது பெரும்பாலும் சல்லடை இல்லாததாலும், மூடியைக் கழற்ற முடியாதபடி சிமென்ட் பூசிவிடுவதாலும்தான்.

கழிவை அன்றன்றே அகற்றவேண்டும். வெயில் காலத்தில் ஈ முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். காய்கறிக் கழிவு பெரும்பாலும் நீர். தனியாகக் குவித்தால் நாறும். ஒரு கூடைக் கழிவுக்கு இரண்டு கூடைக் காய்ந்த சருகு கலந்து, ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஓரிரு துளி சொட்டினால் மட்கி உரமாகச் சரியான பதம். ஒழுகினால் இன்னும் சருகு வேண்டும்.

கழிவாகும் முன்பே கொடுத்துவிடக்கூடியவை ஏராளம். பொதுச் சமையலறைகளுக்கு அனுப்பலாம் என்று எல்லோரும் சொல்கிறோம். சில வாரங்களில் நின்றுபோகிறது. கடையடைத்த பிறகு, களைத்துப்போன வியாபாரி இருட்டில் தரம் பிரிக்கமாட்டார். அடைப்பதற்கு அரை மணி முன்பே பிரிக்கவேண்டும், அதற்கு வெள்ளை விளக்கு வேண்டும். எவ்வளவு எடுப்பார்கள், யார் தூக்குவார்கள் என்பதைச் சமையலறையோடு முன்கூட்டியே பேசி வைக்கவேண்டும். முக்கியமாக, கூடைகள் மறுநாள் விடியுமுன் கழுவித் திரும்பி வரவேண்டும். கூடை திரும்பாத இடத்தில் வியாபாரி இரண்டாம் முறை கொடுப்பதில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது, அடுத்த நாள் சரக்கை அவர் எதில் இறக்குவார்?