முடிதிருத்தகத்து நாற்காலி

சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த மருத்துவர்களே, நான் இந்த அமெரிக்க மண்ணுக்கு வந்த புதிதில் இடமும் கொடுத்துச் சோறும் போட்ட அண்ணன் அவர்களே, அண்ணி அவர்களே, சமையற்கட்டில் இன்னும் வேலையாக இருக்கும் சகோதரிகளே, வணக்கம்.

உப்பு, மாத்திரை, உடல் பருமன் என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். இந்நாட்டின் கறுப்பின மக்களில் வயதுவந்தோரில் பாதிக்கு மேல் ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பாள் என் பாட்டி. என்னிடம் வந்த கறுப்பினப் பேருந்து ஓட்டுநர் ஒருவரும் அதைத்தான் சொன்னார்: "புகைபோட்ட பன்றிக்கறி சேர்க்காத கீரையை எப்படி டாக்டர் சாப்பிடுவது?" ஆறடி உயரம், தேக்குமரம் போன்ற கை. நர்ஸ் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்ற ஏற்ற, வெல்க்ரோ சர்ரென்று பிரிந்தது. மறுபடி சுற்றினார், மறுபடி பிரிந்தது. சின்னப் பட்டையை இழுத்துக் கட்டினாலோ அழுத்தத்தைக் கூட்டித்தான் காட்டும். பெரிய பட்டை எங்களிடம் இல்லை. அவர் ஒன்றும் பேசாமல் சட்டைக் கையை இறக்கிக்கொண்டு போனார். எட்டு மாதம் வரவில்லை.

திரும்ப அழைத்து வந்தவர் யார் தெரியுமா? அவருக்கு இருபது வருடமாக முடிவெட்டுகிறவர்! நாற்காலியில் சாய்ந்தவர் "தலை வெடிக்குது" என்றதும், பாதி வெட்டிய தலையோடு வண்டியில் ஏற்றிவிட்டார். அன்று ரத்த அழுத்தத்தின் மேலளவு 190. "கீரைக்கு வினிகரும் மிளகாயும் போடு, நான் சாப்பிடறேனே" என்று என் எதிரிலேயே அதட்டினார். நான் மூன்று முறை சொல்லியும் ஏறாதது, அவர் ஒருமுறை சொன்னதும் ஏறியது.

ஏன் தெரியுமா? அலபாமா மாநிலத்து டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிகிச்சை தருவதாக நம்பவைத்து, கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் என்னும் மேகநோயை முற்றவிட்டு வேடிக்கை பார்த்தது அரசின் பொதுச் சுகாதாரத் துறை. வெள்ளை அங்கியை அவர்கள் எப்படி நம்புவார்கள்?

மாத்திரையைப் பற்றி ஒரு வரி: கறுப்பின மக்களுக்கு முதலில் சிறுநீரைக் கூட்டும் நீர்மாத்திரையோ ரத்தக்குழாயைத் தளர்த்தும் அம்லோடிபின் வகையோ நன்றாகக் கேட்கிறது. ஆனால் அது வாய்க்குள் போக வேண்டுமே! லாஸ் ஏஞ்சலஸில் மருத்துவர் ரொனால்ட் விக்டர் குழு 52 முடிதிருத்தகங்களில் 319 ஆண்களைச் சேர்த்தது. மருந்தாளுநரே கடைக்கு வந்து மாத்திரை எழுதித் தந்த இடங்களில் ஆறு மாதத்தில் மேலளவு 27 புள்ளி இறங்கியது. மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பிய கடைகளில் 9 புள்ளிதான். இது 2018இல் வெளிவந்த ஆய்வு.

பருமனைப் பேச நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். "உப்பில்லாப் பண்டம்" என்பவரிடம் அவர் ஊர்க்காரர் பேசட்டும். நாம் கருவி கொடுப்போம். நம் ஊரிலுள்ள நான்கு கடைகளுக்குப் பெரிய பட்டையோடு நான்கு கருவிகள், வாரம் ஒருநாள் ஒரு மருந்தாளுநர். வாசல் மேசையில் தாள் வைத்திருக்கிறேன். பெயரெழுதிவிட்டுப் பந்திக்குப் போங்கள்.