காயம் ஆறிடுச்சு, வலி ஏன் ஆறல?

[திரையில்: மணிக்கட்டுல நல்லா ஆறிப்போன ஒரு தழும்பு. அதுக்குப் பக்கத்துல ஒரு பஞ்சு மெதுவா உரசிட்டுப் போகுது. கை வெடுக்குன்னு விலகுது.]

பஞ்சு பட்டா வலிக்குமா? இந்தக் கைக்கு வலிக்கும். எலும்பு கூடிடுச்சு. தையல் பிரிச்சாச்சு. எக்ஸ்ரேல ஒரு குறையும் இல்ல. ஆனா சட்டைக் கையோட ஓரம் உரசினா எரியுது. ஃபேன் காத்து பட்டாலே சுரீர்ங்குது. ராத்திரி போர்வை நழுவி மேல விழுந்தா அன்னிக்குத் தூக்கம் போச்சு. கூட இருக்கறவங்க, "அதான் ஆறிடுச்சே, இன்னுமா வலிக்குது?"ன்னு கேக்குறாங்க.

வணக்கம். அடிபட்ட பிறகு மாசக்கணக்கா போகாம நிக்கிற நரம்பு வலியைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப் போறோம். மூணு மாசத்தைத் தாண்டிட்டா மருத்துவத்துல அதை நாள்பட்ட வலின்னு எடுத்துக்குறாங்க. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். "எனக்கு எந்த மருந்தும் கேக்கல"ன்னு சொல்றவங்கள்ல நிறைய பேர், வேற வகை வலிக்கான மாத்திரையைச் சாப்பிட்டுப் பாத்திருப்பாங்க. இல்லன்னா, சரியான மாத்திரையையே பத்து நாள்ல நிறுத்தியிருப்பாங்க.

[திரையில்: நரம்பு ஒண்ணோட குறுக்குவெட்டுப் படம். உள்ளே ஆயிரக்கணக்கான இழைகள்.]

முதல்ல உள்ளே என்ன நடக்குதுன்னு பாப்போம். அடிபடும்போது நரம்பு நசுங்கலாம், இழுபடலாம், அறுந்தும் போகலாம். சில சமயம் அடி நரம்புல பட்டே இருக்காது. பின்னாடி வர்ற தழும்புத் திசு அதைச் சுத்தி இறுக்கிடும். இழையைச் சுத்தியிருக்கற உறை கெடாம இருந்தா, அறுந்த இழை அதுக்குள்ளேயே திரும்ப வளரும். வேகம் எவ்வளவு தெரியுமா? ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். மணிக்கட்டுல அடிபட்ட இழை விரல் நுனிக்கு வந்து சேரவே ஆறு மாசம் பக்கம் ஆயிடும். நடுவுல டாக்டர் தழும்பு மேலயும் அதுக்குக் கீழயும் விரலால தட்டிப் பாத்து, "எது வரைக்கும் ஷாக் அடிக்குது?"ன்னு கேப்பார். 1915ல ஜூல் டினெல்ங்கிற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் எழுதி வச்ச பரிசோதனை இது. ஷாக் அடிக்கிற இடம் மாசத்துக்கு மாசம் கீழே இறங்கிட்டே போனா, இழை வளருதுன்னு அர்த்தம். அந்த மாதிரி வலியைப் பாத்துப் பயப்பட வேண்டாம்.

வழி கிடைக்காத இழைங்கதான் சிக்கல். போக இடமில்லாம அங்கேயே சுருண்டு ஒரு முடிச்சா ஆயிடும், நியூரோமான்னு பேரு. அந்த முடிச்சுலயும், காயப்பட்ட இழைகள்லயும் சோடியம் சேனல்கள், அதாவது மின் சமிக்ஞையைத் தூண்டி விடுற சின்னக் கதவுகள், தாறுமாறா குவிஞ்சிடும். யாரும் தொடாமலே, எதுவும் குத்தாமலே, அதுங்களா சமிக்ஞை அனுப்ப ஆரம்பிச்சிடும். சும்மா உக்காந்திருக்கும்போது திடீர்னு சுரீர்னு தெறிக்குதே, அது இதுதான்.

இந்தச் சமிக்ஞை ஓயாம போய்க்கிட்டே இருந்தா தண்டுவடமும் மாறிடுது. மைக் செட்ல சத்தத்தை உச்சத்துல வச்சுட்டா, பேசவே வேண்டாம், பக்கத்துல மூச்சு விட்டாலே ஊளையிடும் இல்லையா, அந்த நிலைமைக்குத் தண்டுவடத்து நரம்பணுக்கள் வந்துடும். சாதாரணத் தொடுதலைக் கொண்டு போற இழையோட செய்தி கூட அங்க போய் வலியா மாறிடுது. 1983ல கிளிஃபோர்டு உல்ஃப்ங்கிற வலி ஆராய்ச்சியாளர் இதை விலங்குகள்ல ஆய்வு பண்ணிக் காட்டினார். அதனால பஞ்சு பட்டு வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா அது நடிப்பும் இல்ல, மனப்பிரமையும் இல்ல.

[திரையில்: பழைய ராணுவ மருத்துவமனையோட கோட்டோவியம்.]

இது புது நோயும் இல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல குண்டடி பட்டு நரம்பு சேதமான வீரர்களுக்காக ஃபிலடெல்ஃபியாவுல தனி மருத்துவமனையே நடந்தது. அங்க இருந்த டாக்டர் வியர் மிட்செலும் அவரோட சகாக்களும் 1864ல எழுதினதைப் படிச்சா, இன்னிக்கு நோயாளிங்க சொல்றதை அப்படியே எழுதி வச்ச மாதிரி இருக்கு. காயம் எப்பவோ ஆறிடுச்சு. ஆனா கையை ஈரத் துணியில சுத்தி வச்சுக்கிட்டே திரிஞ்சாங்க. கால் எரிஞ்சவங்க பூட்ஸுக்குள்ள தண்ணி ஊத்திக்கிட்டு நடந்தாங்க. பக்கத்துல யாராவது செய்தித்தாளைப் புரட்டினா அந்தச் சரசரப்பே தாங்கல.

சரி, நமக்கு இருக்கறது நரம்பு வலிதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வலியை எந்த வார்த்தையில சொல்றோம்ங்கிறதுலயே பாதி விடை இருக்கு. எரியுது, ஐஸ் வச்ச மாதிரி வலிக்குது, ஷாக் அடிக்குது, ஊசி ஊசியா குத்துது, மரத்துப் போச்சு, குறுகுறுன்னு அரிக்குது. டிஎன்4னு பத்து அம்சம் உள்ள ஒரு கேள்வித்தாள் இருக்கு. இந்த மாதிரி வார்த்தைகளையும், தொட்டுப் பாக்குற சின்னப் பரிசோதனைகளையும் வச்சுத்தான் அது மதிப்பெண் போடுது. 4 அல்லது அதுக்கு மேல வந்தா நரம்பு வலியா இருக்க வாய்ப்பு அதிகம். அதனால டாக்டர்கிட்ட வெறுமனே "ரொம்ப வலிக்குது"ன்னு சொல்லாதீங்க. எப்படி வலிக்குதுன்னு சொல்லுங்க. எந்தெந்த இடம்னு பேனாவால தோல் மேலயே கோடு போட்டு, ஒரு போட்டோ எடுத்துட்டுப் போங்க. ஒரு குறிப்பிட்ட நரம்போட எல்லைக்குள்ள அது அடங்குதான்னு டாக்டருக்குப் பாத்த உடனே தெரிஞ்சிடும்.

[திரையில்: நரம்பு கடத்தல் பரிசோதனை. கையில மின்முனைகள்.]

இங்க ஒரு பொறி இருக்கு. நர்வ் கண்டக்ஷன் டெஸ்ட் எடுப்பாங்க, ரிப்போர்ட் நார்மல்னு வரும். உடனே "ஒண்ணுமில்லையாம்"னு முடிச்சிடுவாங்க. ஆனா அந்த டெஸ்ட் பெரிய, வேகமான இழைகளை மட்டும்தான் அளக்கும். வலியையும் சூட்டையும் கொண்டு போற சின்ன இழைகள் அதுல தெரியாது. அடிபட்ட முதல் வாரத்துலயே எடுத்துட்டாலும் பல மாற்றங்கள் பிடிபடாது; சுமார் மூணு வாரம் போகணும். ரிப்போர்ட் நார்மல்னா பெரிய இழைகள் வேலை செய்யுதுன்னு அர்த்தம், அவ்வளவுதான்.

ரத்தப் பரிசோதனையில சர்க்கரை, பி12 இரண்டையும் பாத்துடணும். சர்க்கரை கூடியோ, பி12 குறைஞ்சோ இருந்தா அடிபட்ட நரம்பு தேறுறது கஷ்டம். அதுக்காக "நரம்பு பலத்துக்கு"ன்னு விக்கிற விட்டமின் மாத்திரையை நீங்களா வாங்கி மாசக்கணக்கா விழுங்காதீங்க. அதுல இருக்கற பி6 அளவு மீறினா அதுவே நரம்பைக் கெடுக்கும். மரத்துப் போறது, எரிச்சல் எல்லாம் இன்னும் கூடும். நரம்புக்குன்னு சாப்பிட்ட மாத்திரையாலயே நரம்பு கெட்டுப்போன ஆட்கள் இருக்காங்க.

இப்ப மருந்துக்கு வருவோம். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகள் சாதாரண அடி, வீக்கத்தால வர்ற வலிக்கு. தானாவே சமிக்ஞை அனுப்புற நரம்புகிட்ட அதுங்களுக்குப் பெருசா வேலை இல்ல. இங்க முதல்ல கொடுக்குற மருந்துகளைப் பாத்தா பல பேர் திடுக்கிடுவாங்க: அமிட்ரிப்டிலின், டியூலாக்ஸெடின், கபாபென்டின், ப்ரீகாபலின். முதல் ரெண்டும் மனச்சோர்வுக்கு வந்தது. கபாபென்டினும் ப்ரீகாபலினும் வலிப்பு நோய்க்கும் கொடுக்குறது. மருந்துச் சீட்டுல இருக்கற பேரைத் தேடிப் பாத்துட்டு, "என்னை மனநோயாளின்னு நினைச்சுட்டாங்க"ன்னு கோவத்துல தூக்கி வீசினவங்களும் உண்டு. விஷயம் அது இல்ல. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வந்து வலியை அமுக்குற ஒரு பாதை நம்ம எல்லாருக்கும் இருக்கு. அமிட்ரிப்டிலினும் டியூலாக்ஸெடினும் அந்தப் பாதைக்கு வலு சேர்க்கும். கபாபென்டினும் ப்ரீகாபலினும் நரம்பு முனையில கால்சியம் சேனலைப் பிடிச்சு, செய்தி கடத்துற ரசாயனம் கொட்டுறதைக் குறைக்கும்.

எவ்வளவு பலன் தரும்? மறைக்காம சொல்லிடறேன். 2015ல லான்செட் நியூராலஜிங்கிற மருத்துவ இதழ்ல ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. அமிட்ரிப்டிலின் வகை மருந்தை ஏறக்குறைய 4 பேருக்குக் கொடுத்தா, டம்மி மாத்திரையால கிடைக்கிறதைத் தாண்டி, ஒருத்தருக்கு வலி பாதியா குறையுது. டியூலாக்ஸெடின் வகையில அது 6 பேருக்கு ஒருத்தர். ப்ரீகாபலின்ல 8 பேருக்கு ஒருத்தர் பக்கம். அந்த ஆய்வுகள்லயும் பாதிக்கு மேல சர்க்கரை நோய், அக்கி மாதிரி காரணங்களால வந்த நரம்பு வலி. காயத்தால வந்த வலியில மட்டும் ப்ரீகாபலினைச் சோதிச்ச ஒரு ஆய்வு 2018ல வெளிவந்தது. டம்மி மாத்திரையை விட அது தெளிவா மேல நிக்கல. அதனால முதல் மருந்து கேக்கலன்னா அதுக்கு உங்க உடம்பைக் குத்தம் சொல்ல வேண்டியதில்ல. அடுத்ததுக்கு மாத்திப் பாக்குறதுதான் இங்க நடைமுறையே.

ஆனா மாத்துறதுக்கு முன்னாடி ஒழுங்கா ஒரு வாய்ப்பு கொடுக்கணும். சின்ன அளவுல ஆரம்பிப்பாங்க. அமிட்ரிப்டிலின்னா ராத்திரி 10 மில்லிகிராம் மாதிரி. படிப்படியா ஏத்தி, தாங்குற அளவுக்கு வந்த பிறகு சில வாரம் பாக்கணும். பக்க விளைவு முதல் நாளே வந்துடும், பலன் மட்டும் மெதுவாத்தான் வரும். வாய் வறண்டு, காலையில மந்தமா இருக்குன்னு முதல் வாரத்துலயே நிறுத்துறவங்கதான் அதிகம். பலன் தெரியறதுக்கு முன்னாடியே விலகிடுறாங்க.

[திரையில் எழுத்து: உங்க டாக்டரைக் கேக்காம எதையும் ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.]

இதயத் துடிப்புல கோளாறு, கிளாக்கோமாங்கிற கண் அழுத்த நோய், சிறுநீர் அடைப்பு இருக்கறவங்க அமிட்ரிப்டிலினுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட அதைச் சொல்லிடணும். சிறுநீரகம் பலவீனமா இருந்தா கபாபென்டின், ப்ரீகாபலின் அளவைக் குறைக்கணும். இந்த ரெண்டையும் தூக்க மாத்திரையோடயோ, மார்ஃபின் மாதிரி ஓபியாய்டு வகை வலி மருந்தோடயோ, மதுவோடயோ சேத்தா மூச்சே மந்தமாகலாம். புதுசா ஆரம்பிச்ச நாட்கள்ல வண்டி ஓட்டாதீங்க.

வலி ஒரு சின்ன இடத்துல மட்டும்னா மாத்திரையை விட ஒட்டுப் பட்டை எனக்குப் பிடிச்ச வழி. உடம்பு முழுக்கப் பரவற மயக்கம் இல்ல. லிடோகைன் 5% பட்டையை 12 மணி நேரம் ஒட்டி, அடுத்த 12 மணி நேரம் எடுத்து வைக்கணும். புண் இல்லாத தோல்லதான் ஒட்டணும். மிளகாயோட காரச்சத்தான கேப்சைசின் 8% பட்டையை மருத்துவமனையில வச்சுத்தான் ஒட்டுவாங்க. அந்த ஒரு மணி நேரம் நல்லாவே எரியும். ஆனா தோல்ல இருக்கற வலி இழை முனைகள் ஓய்ஞ்சு போய், சிலருக்கு மூணு மாசம் வரைக்கும் நிம்மதி. நரம்பு முனையில கேப்சைசினை உணர்ற ஏற்பியைக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021ல நோபல் பரிசு கிடைச்சது.

[திரையில்: மேசை மேல பட்டுத் துணி, பஞ்சு, கம்பளி, சொரசொரப்பான துண்டு வரிசையா இருக்கு.]

இனி கையால பண்ற பயிற்சி. இது மருந்தை விடச் சளைச்சது இல்ல, ஆனா பொறுமையா பண்ணணும். வலிக்கிற இடத்துல நேரா கை வைக்காதீங்க. தொட்டா வலிக்காத தோல்ல ஆரம்பிச்சு, பட்டுத் துணியால தடவிக்கிட்டே மெதுவா எல்லை வரைக்கும் வாங்க. எல்லையில கூசும், அங்க நின்னு, ஒரே சீரா, சில நிமிஷம். ஒரு நாளைக்குச் சில தடவை. பட்டு பழகிட்டா பஞ்சு, அப்புறம் கம்பளி, கடைசியாத் துண்டு. கண்ணால பாத்துக்கிட்டே தடவுங்க. தொடுதல் ஆபத்து இல்லன்னு தண்டுவடத்துக்கும் மூளைக்கும் திரும்பப் பழக்குறோம். மரத்துப் போன இடத்துல வெந்நீர் ஒத்தடமும் ஐஸும் மட்டும் வேண்டாம். சுடறதே தெரியாம கொப்பளம் போட்டுடும்.

கண்ணாடிச் சிகிச்சையும் உண்டு. 1990கள்ல வி.எஸ். ராமச்சந்திரன்ங்கிற நரம்பியல் விஞ்ஞானி, கை இழந்தவங்களுக்கு அந்த இல்லாத கையிலேயே வர்ற மாய வலிக்காகப் பண்ணிப் பாத்தது. கண்ணாடியை நெஞ்சுக்கு நேரா நிறுத்தி, வலிக்கிற கையை அதுக்குப் பின்னாடி மறைச்சுட்டு, நல்ல கையோட பிம்பத்தைப் பாத்துக்கிட்டே மெதுவா விரலை மடக்கி நீட்டணும். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா பிசியோதெரபிஸ்ட் ஒருத்தர் கூட இருந்து சொல்லிக் கொடுத்தா முயற்சி பண்றதுல நஷ்டம் இல்ல.

கை வீங்கி, நிறம் மாறி, ஒரு கை சில்லுன்னும் ஒரு கை சூடாவும், ஒரு பக்கம் மட்டும் வேர்த்து, நகமும் முடியும் வளர்ற விதமே மாறினா அது சிஆர்பிஎஸ்ங்கிற வலிக் கூட்டு நோயா இருக்கலாம். வலிக்குதேன்னு கையைத் தூளி கட்டி அசைக்காம வச்சா நிலைமை மோசமாகும். சீக்கிரமா டாக்டரைப் பாத்து, அசைக்கவும் ஆரம்பிக்கணும். திடீர்னு கை கால் பலமிழக்குது, தசை சுருங்கிக்கிட்டே போகுது, முதுகுல அடிபட்ட பிறகு சிறுநீர், மலம் அடக்க முடியல, தொடை இடுக்கு மரத்துப் போச்சுன்னா மருத்துவமனைக்கு அன்னிக்கே போகணும்.

மருந்தும் பயிற்சியும் போதலன்னா அறுவை சிகிச்சை. நரம்பைத் தழும்பு இறுக்கியிருந்தா விடுவிக்கலாம். நியூரோமாவை வெறுமனே வெட்டி எடுத்தா திரும்ப வளர வாய்ப்பு உண்டு. அதனால நரம்போட நுனிக்குப் பக்கத்துத் தசையில ஒரு வேலை கொடுக்குற மாதிரி இணைக்கிற முறை இப்ப வந்திருக்கு. தண்டுவடத்துக்குப் பக்கத்துல மின்முனை வச்சு வலியை அமுக்குற கருவி 1967லிருந்தே இருக்கு. அதை நேரா பதிச்சுட மாட்டாங்க. முதல்ல சில நாள் தற்காலிகமா வச்சு, குறையுதான்னு பாத்துட்டுத்தான் முடிவு. அந்தச் சோதனை நாட்கள்ல படுத்தே இருக்காதீங்க, வழக்கமான வேலையைச் செஞ்சு பாருங்க. இல்லன்னா முடிவு எடுக்க ஒரு தகவலும் கிடைக்காது.

பலனை எப்படி அளக்கிறது? தினமும் பத்துக்கு எத்தனைன்னு மட்டும் எழுதினா மனசு வலியிலேயே மாட்டிக்கும். விடாம எத்தனை மணி நேரம் தூங்கினோம், சட்டைப் பொத்தானைப் போட முடிஞ்சுதா, எவ்வளவு தூரம் நடந்தோம்னும் சேத்து எழுதுங்க. வலி 30 சதவீதம் குறைஞ்சாலே ஆய்வுகள்ல அதைக் குறிப்பிடத்தக்க நிவாரணம்னு கணக்கு வைக்கிறாங்க. எட்டு அஞ்சா ஆச்சுன்னா மருந்து தோத்துப் போகல.

நல்லா தேறின பிறகும் மாத்திரையை ஒரேயடியா நிறுத்தாதீங்க. தூக்கமின்மை, படபடப்பு, குமட்டல் வரும். கபாபென்டின், ப்ரீகாபலினைத் திடீர்னு விட்டா வலிப்பு வரவும் வாய்ப்பு இருக்கு. சில மாசம் நிலையா இருந்த பிறகு, டாக்டர்கிட்ட பேசி, வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. குறைக்கும்போது வலி திரும்ப எட்டிப் பாத்தா, கடைசியா நல்லா இருந்த அளவுக்கே திரும்பிப் போய், ரெண்டு மூணு மாசம் கழிச்சு மறுபடி முயற்சி பண்ணலாம்.