கொலம்போவின் கண்ணைப் பற்றி ஒரு நேயரின் கேள்வி

வணக்கம். துப்பறியும் தொடர்களைப் பற்றிய சென்ற உரையில், 'கொலம்போ' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் கொலைகளைத் துப்பறியும் காவல் அதிகாரி லெப்டினன்ட் கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபால்க்குக்கு ஒரு கண் செயற்கைக் கண் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரு கண் இல்லாதவரைத் திரையுலகம் எப்படி ஏற்றுக்கொண்டது?" மூன்று நாட்களாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதே நேரான விடை. 1927இல் நியூயார்க்கில் பிறந்த ஃபால்க், மூன்று வயதில் விழித்திரைப் புற்றுநோயால் வலக்கண்ணை இழந்தார். பின்னாளில் கொலம்பியா பட நிறுவனத்தின் நடிப்புத் தேர்வுக்குப் போனபோது, அதே சம்பளத்துக்கு இரண்டு கண்ணும் உள்ள நடிகர் கிடைப்பாரே என்று சொல்லி அதன் தலைவர் ஹாரி கோன் அவரைத் தட்டிக்கழித்தார். அப்படிக் கழிக்கப்பட்டவர்தான் 1960இல் 'மர்டர், இன்க்.', 1961இல் 'பாக்கெட்ஃபுல் ஆஃப் மிராக்கிள்ஸ்' என்று அடுத்தடுத்த ஆண்டுப் படங்களுக்காகத் துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றார்.

அந்தக் கண்ணை அவர் ஒளித்ததும் இல்லை. பள்ளிக்கால பேஸ்பால் ஆட்டம் ஒன்றில் நடுவர் தவறாக 'அவுட்' கொடுத்ததும், கண்ணாடிக் கண்ணைக் கழற்றி நடுவரிடமே நீட்டி, இது உங்களுக்குத்தான் தேவைப்படும் என்றாராம். இந்தப் பையனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நல்ல நடிகர் ஒரு பாத்திரத்துக்குள் வெறுங்கையோடு போவதில்லை, தன் வீட்டிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டுதான் போவார் என்று நான் அடிக்கடி சொல்வது உங்களுக்கு நினைவிருக்கும். ஃபால்க்கைப் பொறுத்தவரை இது சொல்லுக்குச் சொல் உண்மை. கொலம்போவின் அந்தக் கசங்கிய மழைக்கோட்டு, நியூயார்க்கின் 57ஆம் தெருவில் மழையில் மாட்டிக்கொண்ட ஒரு நாளில் அவர் தம் கைக்காசு 15 டாலர் கொடுத்து வாங்கியது. கொலையாளியின் பளபளப்பான வரவேற்பறையில் அந்தக் கோட்டோடு அவர் வந்து நின்று, பையில் பென்சிலைத் தேடித் துழாவும்போது, எதிரே இருப்பவர் அவரை அந்த நொடியிலேயே குறைவாக எடைபோட்டுவிடுகிறார். கோட்டு வீட்டிலிருந்து வந்தது. ஒருக்களித்த பார்வையும் வீட்டிலிருந்து வந்ததுதான்.

இன்னொன்றும் அவரோடு வந்ததாக நான் நம்புகிறேன். அதனால்தான், கண்ணைப் பற்றிக் கேட்ட நேயர் அவருடைய அரசாங்க வேலையைப் பற்றிக் கேட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற ஃபால்க், கனெக்டிகட் மாநிலத் தலைநகர் ஹார்ட்ஃபோர்டில், வரவுசெலவுத் துறையில், அலுவலகங்களின் செயல்திறனை ஆராயும் பணியில் இருந்தவர். முதல் நாள் காலையில் எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்றே கண்டுபிடிக்க முடியாமல் தாமதமாகப் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். கையில் குறிப்பேடு, வாயில் மன்னிப்பு, வாசல் வரை போய்த் திரும்பி வந்து கேட்கும் கடைசிக் கேள்வி என்று கொலம்போவிடம் நாம் காண்பதெல்லாம் பிறர் அலுவலகத்துக்குள் நுழைந்து கணக்குக் கேட்கும் ஒரு ஆய்வாளரின் நடைதானே?

அந்தத் தாமதப் பழக்கமே அவரை நடிகராகவும் ஆக்கியது. வெஸ்ட்போர்ட் ஊரில், புகழ்பெற்ற மேடை நடிகை ஈவா லெ காலியென் தொழில்முறை நடிகர்களுக்கு நடத்திய வகுப்பில், தாமும் அப்படிப்பட்டவர்தான் என்று பொய் சொல்லிச் சேர்ந்து, வாரந்தோறும் ஹார்ட்ஃபோர்டிலிருந்து காரோட்டிக்கொண்டு தாமதமாகவே வந்துகொண்டிருந்தார். ஏன் தாமதம் என்று அந்த அம்மையார் ஒரு நாள் கேட்டார். ஹார்ட்ஃபோர்டிலிருந்து வர வேண்டியிருக்கிறது என்றார் இவர். அங்கே நாடக அரங்கே கிடையாதே, நடிகருக்கு அங்கே என்ன வேலை என்று அவர் விடாமல் கேட்க, தாம் தொழில்முறை நடிகரே அல்ல என்று ஃபால்க் ஒப்புக்கொண்டார். கொலம்போவிடம் கொலையாளி சிக்குவது போலவே சிக்கினார். அம்மையார் அவரை உற்றுப் பார்த்து, அப்படியென்றால் நீ நடிகனாகத்தான் ஆக வேண்டும் என்றார். ஹார்ட்ஃபோர்டுக்குத் திரும்பிய ஃபால்க் வேலையை விட்டார். 1956இல், முப்பதை நெருங்கும் வயதில், நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜுக்குக் குடிபெயர்ந்தார்.