மாயத்தோற்றத்தைக் காப்பது எழுதி வைத்த விதியே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது பகடை உருட்டி, கதாபாத்திரங்களாக நடித்து ஆடும் கதை ஆட்டம்; கதையை நடத்தி, எதிரிகளையும் இயக்குபவர் டன்ஜன் மாஸ்டர். இந்த ஆட்டத்தில் மாயத்தோற்ற மந்திரத்துக்கு உயிர் கொடுப்பது விதிப்புத்தகமா, டன்ஜன் மாஸ்டரின் தீர்ப்பா? இதுதான் தலைப்பு. மாயை என்பதே கற்பனை, அதற்கு எதற்கு அளவுகோல், மாஸ்டரிடம் விட்டுவிடுங்கள் என்று எதிரணியினர் உருகி உருகிப் பேசிவிட்டுப் போனார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடிப்படையான ஒன்றை விட்டுவிட்டார்களே!

ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரத்தைப் போட்டால், எவ்வளவு சேதம் என்று எட்டு பகடைகளை உருட்டிக் கூட்டுகிறோம். தீ சுடுமா சுடாதா என்று யாரும் வழக்குப் பேசுவதில்லை. மாயத்தோற்றம் அப்படியில்லை. எதிரி நம்பினால்தான் அது பலிக்கும். அந்த எதிரியின் மனசு யாரிடம் இருக்கிறது? மாஸ்டரிடம். அவருக்கோ அது பொய் என்று முதலிலேயே தெரியும்! உண்மை தெரிந்த ஒருவரே ஏமாறுகிறவராகவும் நடிக்க வேண்டும். எவ்வளவு நேர்மையான மனிதருக்கும் இது கஷ்டம்.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதியைப் பாருங்கள். கோப்ளின்கள் என்ற குட்டி அரக்கர்கள் துரத்துகின்றன. முதல் நிலை மந்திரவாதி சைலன்ட் இமேஜ் என்ற மாயத்தோற்ற மந்திரத்தைப் போட்டு, குறுகலான பாதையின் குறுக்கே ஒரு கற்சுவரை நிறுத்துகிறாள். பதினைந்து அடிக்குள் எதை வேண்டுமானாலும் காட்டலாம். ஆனால் சத்தம் வராது, பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காது. கோப்ளினுக்குச் சந்தேகமா? சரி, தன் முறையில் செய்யக் கிடைக்கும் முக்கியச் செயலான ஆக்‌ஷனைச் செலவழித்து உற்றுப் பார்க்கட்டும். மந்திரவாதியின் அறிவுத்திறன் 16 என்றால், விதிக் கணக்குப்படி கோப்ளின் இருபது பக்கப் பகடையில் 13 அல்லது அதற்கு மேல் போட்டாக வேண்டும். அதாவது நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு. கண்டுபிடித்தாலும் அந்த முறை போனது போனதுதான், அம்பு விட முடியாது. இல்லையென்றால் நேராக வந்து தொட்டுப் பார்க்கட்டும், கை உள்ளே போய்விடும். சுவரென்று நம்பி நின்றாலும் லாபம், சோதித்தாலும் லாபம். இந்தக் கணக்கு தெரிந்ததால்தான் அவள் துணிந்து அந்த மந்திரத்தைத் தேர்ந்தெடுத்தாள். “எனக்கென்னவோ கோப்ளின் நம்பாதுன்னு தோணுது” என்று மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அடுத்த வாரம் அவளும் ஃபயர்பாலைத்தான் தேடுவாள்.

விதியிலும் ஓட்டை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். குட்டு தெரிந்த கோப்ளின் கூட்டாளியிடம் “டேய், அது சுவரே இல்லடா” என்று கத்தினால் என்ன ஆகும்? மூன்றாம் பதிப்பு இதற்கு அந்தக் கூட்டாளியின் பகடை எண்ணோடு தெளிவாக +4 கூட்டிக் கொடுத்தது. ஐந்தாம் பதிப்பில் அப்படியொரு வரி இல்லை. இன்று ஆட்ட மேஜையில் சண்டை வருவது எங்கே? சரியாக இந்த இடத்தில்தான்! விதி பேசும் இடத்தில் ஆட்டம் ஓடுகிறது, விதி மௌனமான இடத்தில் நிற்கிறது. இது எங்கள் கட்சிக்குத்தானே சாட்சி?

நடுவர் அவர்களே, எதிரணியில் அடுத்துப் பேச வருபவருக்கு ஒரே ஒரு கேள்வி. அந்த ஆக்‌ஷன் விதியை எடுத்துவிட்டால், கோப்ளின் நம்பியதா இல்லையா என்று மேஜையில் உட்கார்ந்து அந்த மந்திரவாதியாக ஆடும் பெண் எதை வைத்துத் தெரிந்துகொள்வாள்? பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.